விலை தெரிந்தவரும் சரக்கு அறிந்தவரும்

வியாபாரிகள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இக்காலத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “இனி யாரும் யாருக்கும் எதையும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை, எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது” என்பதே அது. சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்; சிலர் பெருமூச்சோடு சொல்கிறார்கள். பெருமூச்சு விடுகிறவர்களில் பெரும்பாலோர், தங்களுக்குப் பின் கடையை யார் பார்ப்பார்கள் என்ற கவலை உள்ளவர்கள். இரு சாராரும் சொல்வது சரிதானா என்பதைக் கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். நாம் ஆலிமும் அல்ல, பட்டதாரியும் அல்ல. மதரசாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பிறகு தராசின் முன் நின்றதுமே நமது படிப்பு. ஆகவே கடையில் உள்ள சாமான்களைக் கொண்டே பேசுகிறோம்.

படித்தவர்கள் தரவு, தகவல், அறிவு என்று மூன்று சொற்களை வரிசையாகச் சொல்கிறார்கள். நமது வழக்கில் சொல்வதானால் இலக்கம், செய்தி, அறிவு. சிட்டையில் எழுதியிருப்பது இலக்கம். ‘அடுத்த வாரம் ஏலக்காய் விலை ஏறப் போகிறது’ என்பது செய்தி. ஏலக்காயைக் கையில் எடுத்ததும் இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்ல முடிவது அறிவு. மலாய்க்காரர்கள் நம்மைக் கண்டால் ‘அப்பா கபார்?’ என்று நலம் விசாரிக்கிறார்கள். அந்தக் ‘கபார்’ அரபியின் கபர். செய்தி என்று பொருள். கல்வியை அவர்கள் ‘இல்மு’ என்கிறார்கள். அதுவும் அரபிச் சொல்லே. கபர் வேறு, இல்மு வேறு என்பதை அவர்கள் அன்றாடப் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள். தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் யாரும் ‘அப்பா இல்மு?’ என்று கேட்பதில்லை!

இந்த மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டி எடை போடுவதால்தான் குழப்பம் உண்டாகிறது. மூன்றும் கைமாறும் விதம் வெவ்வேறு. எனவே அவற்றைக் கொடுப்பதிலும் வைத்துக் கொள்வதிலும் நமக்குள்ள கடமையும் வெவ்வேறு என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் இலக்கம். ஜவுளிக்கடைக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, துணியின் அடக்க விலையை அந்த எழுத்துகளாலேயே சீட்டில் எழுதி விடுவார்கள். வாங்க வருகிறவர் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக் கொண்டுதான் பேரம் பேசுகிறார். கடைக்காரருக்குத் துணி எத்தனை வெள்ளிக்கு அடங்கியது என்பது வாங்குபவருடைய விரல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஆயினும் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இன்று சாமான்களின் மேல் அச்சிட்டிருக்கும் கறுப்புக் கோடுகளும் அப்படியே. இலக்கத்தைக் கொடுப்பதனால் கொடுப்பவருக்கு எதுவும் குறைவதில்லை. திறவுகோல் இல்லாதவருக்கு எதுவும் கூடுவதுமில்லை.

மிளகு வியாபாரத்தில் 500 என்றும் 550 என்றும் தரம் குறிப்பிடுவதை அறிவீர்கள். ஒரு லிட்டர் அளவு மிளகு எத்தனை கிராம் நிற்கும் என்பதே அந்த எண். மணி திரண்டு கனமாக இருந்தால் எண் உயரும். நல்ல ஏற்பாடுதான், சரவாக்கில் இருப்பவரும் வியட்நாமில் இருப்பவரும் முகம் பாராமலே பேசிக் கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணுக்கு மூக்கு கிடையாது. ஈரம் தாக்கிய கிடங்கில் கிடந்த வாடை 550க்குள் இருக்கிறதா, இல்லையா என்பதைச் சாக்கை அவிழ்த்தவரே சொல்ல முடியும்.

கணினித் திரையில் ‘பட்டை 10 கிலோ’ என்று நிற்கிறது. அது இலக்கம். அந்தப் பட்டை சுமத்ராவிலிருந்து வந்த தடித்த பட்டையா, இலங்கையிலிருந்து வந்த மெல்லிய சுருளா என்பது செய்தி. இலங்கைக் கறுவா பல மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு விரலால் நொறுங்கும். மற்றது ஒற்றைத் தோலாகக் கெட்டியாக நிற்கும். பிரியாணிச் சட்டிக்கு வந்து கேட்பவருக்கு எதைக் கொடுப்பது, பால் பாயசத்துக்குக் கேட்பவருக்கு எதைக் கொடுப்பது, விலை குறைந்ததையே கொடுத்து அவரை மகிழ்விக்கக் கூடிய சமயம் எது என்பதெல்லாம் அறிவு. திரையில் அதற்கு இடமில்லை.

செய்தியின் சங்கதி வேறு. செய்திக்கு விலை உண்டு. அந்த விலை அடுத்தவர் அறியாதிருக்கும் வரையில்தான். 1871ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக்கம்பி வந்து சேர்ந்தது. அதற்கு முன் அக்கரை விலை என்னவென்று அறியக் கப்பல் வர வேண்டும். கப்பலில் வந்த கடிதத்தை முதலில் பிரித்தவர் அன்றைக்கு ராஜா. பின்பு தந்தி, தொலைபேசி, இன்று கைப்பேசி. முந்திக் கொள்ளும் நேரம் வாரத்திலிருந்து நிமிஷத்துக்குச் சுருங்கி விட்டது. ஆனால் முந்தியவன் பிந்தியவனை என்ன செய்யலாம் என்ற கேள்வி சுருங்கவில்லை.

அந்தக் கேள்விக்கு நமது மார்க்கத்தில் வெகு காலத்துக்கு முன்பே விடை கூறப்பட்டிருக்கிறது. மதீனாவுக்குச் சரக்கேற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு, அவர்கள் சந்தை விலையை அறியும் முன்பே சரக்கை வாங்கி விடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்ட சரக்குக்காரர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், விற்றதை முறித்துக் கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் ஹதீஸில் வந்துள்ளது. மத்ஹபுகளுக்கிடையே இதில் சட்ட நுணுக்க வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்க. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஒட்டகக்காரர் முட்டாள் அல்ல. தம் சரக்கின் தரம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பாலைவனத்தைக் கடந்து அதைப் பத்திரமாகக் கொண்டு வந்தவர் அவர். அவரிடம் இல்லாதது ஒரே ஓர் எண்: அன்றைய ஊர் விலை. அந்த ஓர் எண்ணை மறைத்து லாபம் அடிக்கக் கூடாது என்பதே தடை. வாங்குபவர் தம் வியாபாரத் திறமையையெல்லாம் அவருக்குப் பாடம் சொல்லி விட்டுத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இது பழங்காலத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்திய நேரம் 8 மணி கடந்து, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். இங்கே அப்போது மணி பத்தரைக்கு மேல். இந்தியாவில் புழக்கத்திலிருந்த நோட்டுகளில் மதிப்பின்படி நூற்றுக்கு 86 பங்கு அந்த இரண்டு வகை நோட்டுகளே. நாணயமாற்றுக் கடைகளில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையிருப்பு வைத்திருந்தவர்கள் கலங்கிப் போயினர்.

இப்போது ஒரு நிலையை யோசித்துப் பாருங்கள். மறுநாள் அதிகாலை விமானத்துக்குப் போகிற ஒரு தொழிலாளி, இரவு வேலை முடிந்து நேரே வந்தவர், செய்தி ஒன்றும் அறியாதவர், “நானா, ஊருக்குப் போறேன், 500 வெள்ளிக்கு ரூபாய் கொடுங்க” என்று கேட்கிறார். பெட்டியில் கட்டுக் கட்டாக நோட்டு இருக்கிறது. கடைக்காரர் பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் எழுதிய விகிதப்படி எண்ணிக் கொடுத்தால் போதும். கள்ள நோட்டு அல்ல, எண்ணிக்கையில் குறைவில்லை, ரசீதும் உண்டு. இலக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆயினும் அவர் வாங்கிச் செல்வது பணமல்ல, காகிதம் என்பது இருவரில் ஒருவருக்குத் தெரியும். ஊர் எல்லைக்கு வெளியே ஒட்டகத்தை மறிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதே நிலையைத் திருப்பியும் பாருங்கள். செய்தியை முதலில் கேட்டவர் வாடிக்கைக்காரர், கேளாதவர் கடைக்காரர். அவசர அவசரமாக நோட்டுக் கட்டை எடுத்து வந்து, “மாற்றிக் கொடுங்கள்” என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக் கொண்டு நிற்கிறவரும் அதே குற்றத்தையே செய்கிறார். ‘முதலாளிமார்தாம் மறைப்பவர்கள்’ என்ற பேச்சு நமக்கு உடன்பாடல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். நமது அடக்க விலையைச் சாதாரண விற்பனையில் சொல்லியாக வேண்டியதில்லை. ‘இத்தனைக்கு வாங்கினேன், இத்தனை லாபம் வைத்தேன்’ என்று சொல்லி விற்கும் முறாபஹா விற்பனையில்தான் அது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் சரக்கின் குறையைச் சொல்லியாக வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் பட்டது. மழை பெய்து விட்டது என்றார் விற்பவர். ஜனங்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்ற பொருளில் அவரைக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் எது குறை, எது வெறும் வேறுபாடு என்பதில்தான் நமக்குள் சச்சரவு.

காய்ந்த மிளகாயை எடுத்துக் கொள்வோம். சென்ற ஆண்டு மிளகாய் நிறம் மங்கும். புதியதோடு பழையதைக் கலந்து விற்பது பலரிடம் பழக்கமாகி விட்டது. “பழையதும் மிளகாய்தானே, காரம் போய்விடவில்லையே” என்பார்கள். நமது கணக்கு இவ்வளவுதான்: சாக்கின் வாயைத் திறந்தால் தெரிகிற மிளகாயும், முழங்கை வரை கையை விட்டு எடுத்த மிளகாயும் ஒன்றாக இருக்குமானால், பழையதோ புதியதோ, வாங்குபவர் பார்த்து வாங்குகிறார், விலையைப் பேசிக் கொள்ளட்டும். மேலே சிவப்பும் அடியில் வெளுப்புமாக இருக்குமானால் அது அந்த ஈரத் தானியம். மூக்கும் கண்ணும் பழகிய நாம், பழகாதவர் கண்ணை எதிர்த்து நமது பழக்கத்தை உபயோகிப்பது ஆகாது. நமது இருபது வருஷப் பழக்கத்தை அவருக்கு ஊட்டிவிடும் கடமை நமக்கில்லை. அதை அவருக்கு விரோதமாகத் திருப்பாதிருக்கும் கடமை உண்டு.

மறைக்கக் கூடாத செய்தி இருப்பது போலவே, சொல்லக் கூடாத செய்தியும் உண்டு. பற்று எழுதும் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பெயருக்கு நேரே ‘60 வெள்ளி பாக்கி’ என்று நிற்கிறது. புத்தகத்துக்குள் இருக்கும் வரை அது வெறும் இலக்கம், எறும்புக்குக்கூடத் தீங்கில்லை. தேநீர்க்கடையில் ஒருவர் அதை வாய்விட்டால் அது செய்தியாகிறது. மாலைக்குள் அந்த மனிதர் கடன்காரராகவும், அடுத்த ஜும்ஆவுக்குள் ஏமாற்றுக்காரராகவும் ஆகிவிடுவார். அவர் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்பதும், மாதக் கடைசியில் அவர் ஒழுங்காகக் கட்டி வந்தவர் என்பதும் அந்த 60ஓடு கூடப் பயணம் செய்வதில்லை. இலக்கம் மட்டும் ஓடுகிறது. அதன் சூழ்நிலை பின்தங்கி விடுகிறது. புறம் பேசுதல் என்றால் பொய் பேசுதல் என்று பலர் நினைக்கிறார்கள். பொய்யானால் அது அவதூறு. உண்மையாய் இருப்பதே புறம்.

ஆனால் அதே 60 வெள்ளியை, அவரோடு கூட்டு வியாபாரம் தொடங்கி 5,000 வெள்ளி போடவிருக்கும் ஒருவர் நம்மிடம் தனியே வந்து விசாரித்தால்? அப்போது வாயை மூடிக் கொள்வது பெருந்தன்மை என்று சொல்வதற்கில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எழுதியுள்ளார்கள். கூட்டுச் சேர்வது, சம்பந்தம் செய்வது போன்றவற்றில் யோசனை கேட்டு வந்தவருக்கு உள்ளதைச் சொல்வது அவற்றில் அடங்கும். அங்கேயும் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல் கூடாது. தனியாரின் விவரங்களைக் காப்பதற்கென்று மலேசியாவில் 2010லும் சிங்கப்பூரில் 2012லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நமது பற்றுப் புத்தகத்துக்கு அதற்கு முன்பே அமானத் என்ற சட்டம் இருந்தது. பலர் அதை மதித்தார்கள், சிலர் மதிக்கவில்லை.

இனி, கைப்பேசியில் வரும் செய்திகள். காலையில் எழுந்ததும் நாற்பது ஐம்பது வந்து கிடக்கின்றன. இன்ன நாட்டு மாவில் விஷம். இன்ன நிறுவனத்துப் பண்டத்தில் ஹராமான கொழுப்பு. இன்ன தேதியில் இன்ன வரி. யார் சொன்னது, யாரிடமிருந்து வந்தது என்று ஒன்றிலும் இல்லை. அனுப்பியவர் நல்லவர், ஹாஜியார், ஐவேளை தொழுகிறவர். “நல்ல எண்ணத்தோடுதானே அனுப்பினேன்” என்பார்.

ஹதீஸ் கலையை வளர்த்த பெரியோர்கள் இந்த இடத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதை மதரசாவில் கொஞ்சம் ஓதியவரும் அறிவார். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பாகம்: சொல்லப்பட்ட விஷயமாகிய மத்ன், இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று வரும் ஸனத். ஸனத் இல்லாத மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்கள் தராசில் ஏறவில்லை. அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது கேட்டதைக் கேட்டபடி காக்கும் திறன். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாதவர், எத்தனை பெரிய வணக்கசாலியானாலும், அவர் சொன்ன செய்தி ஏற்கப்படவில்லை. அவரை மதித்தார்கள், அவரிடம் துஆவும் கேட்டிருப்பார்கள், ஹதீஸ் மட்டும் வாங்கவில்லை. நமது ஹாஜியாரைப் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை. ஹிஜ்ரி 194 முதல் 256 வரை வாழ்ந்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்து திரட்டியவற்றில் தம் ஸஹீஹ் கிரந்தத்தில் சேர்த்தவை, திரும்ப வந்தவற்றையும் கூட்டினால்கூட, ஏழாயிரத்துச் சொச்சமே. கைவசம் இருந்தும் விட்டவை அதைவிட மிக அதிகம். செய்தி கொண்டு வருகிறவரைப் பற்றித் தீர விசாரிக்கச் சொல்லும் வசனம் ஹுஜுராத் அத்தியாயத்தில் 6ஆவதாக இருக்கிறது.

அரசாங்கங்களும் இந்தத் தொல்லையைத் தங்களால் இயன்ற வழியில் தடுக்கப் பார்த்தன. சிங்கப்பூரில் பொய்ச் செய்திக்கெதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2018ல் ஒரு சட்டம் செய்தது. 2019ல் நாடாளுமன்றமே அதை ரத்துச் செய்ய வாக்களித்தது. வாட்சாப் நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தட்டில் அனுப்ப முடியாதபடி 2019 ஜனவரியில் உலகெங்கும் கட்டுப்பாடு வைத்தது. ஐந்து போதாதா என்ன? ஐவர் ஐவருக்கு அனுப்பினால் எட்டாம் கைமாற்றில் கணக்கு மூன்று லட்சத்து தொண்ணூறாயிரத்தைத் தாண்டுகிறது. இயந்திரத்தால் வேகத்தைக் குறைக்க முடியும். ‘இவர் யார், இவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க வேண்டியவர் நாமே.

அறிவின் விஷயத்துக்கு வருவோம். அதே பெரியோர்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கிதாபு எழுதப்பட்டுக் கையில் இருந்தும், அதை ஆசிரியர் வாயிலிருந்து கேட்டவரிடமோ, ஆசிரியர் முன் ஓதிக் காட்டியவரிடமோ, அவரிடம் இஜாஸத் பெற்றவரிடமோதான் பாடம் கேட்டார்கள். ஏட்டை மட்டும் பார்த்துப் படித்தவரை ஆசிரியராக ஏற்கத் தயங்கினார்கள். காரணம் வெறும் மரியாதை அல்ல. பழைய அரபிக் கையெழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. பே, தே, ஸே என்னும் மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிதான் வேற்றுமை. காதால் கேளாதவர் ஒன்றை மற்றொன்றாக ஓதிவிடுவார். அது தவறு என்பதும் அவருக்குத் தெரியாது. ஏடு அவரிடம் முழுதாக இருக்கிறது. ஓர் எழுத்தும் தொலையவில்லை. இருந்தும் தவறுகிறார்.

சமையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பினாங்கில் ‘கண்டார்’ என்னும் காவடித் தடியில் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தூக்கி விற்ற நம்மவர்களால் வந்ததுதான் நாசி கண்டார். நாம் அறிந்த ஒரு கடையில் முதலாளி மசாலை கூட்டும்போது கதவைத் தாழிட்டுக் கொள்வார். மகனையும் உள்ளே விடமாட்டார். கடைசிக் காலத்தில் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எடை எடையாக எழுதி வைத்து விட்டுத்தான் கண்ணை மூடினார். மல்லி இவ்வளவு, சோம்பு இவ்வளவு, பட்டை இவ்வளவு. மகன் கிராம் பிசகாமல் கூட்டினார். வாடிக்கைக்காரர்கள் ஒரு மாதம் மரியாதைக்காக வந்தார்கள். மல்லியை எந்த வாசனை வரும்வரை வறுப்பது, அன்றைய மிளகாய்க்குக் காரம் கூடுதலாக இருந்தால் எதைத் தள்ளுவது, மழைநாளில் சரக்கு ஈரம் குடித்திருந்தால் அடுப்பை என்ன செய்வது என்பவை காகிதத்தில் இல்லை. அவற்றைத் தகப்பனார் மறைத்தார் என்பதும் சரியல்ல. அவை எழுத வேண்டியவை என்றே அவருக்குத் தோன்றியிராது. அவை அவர் கையில் இருந்தன. கையோடு போயின. அந்தப் பிள்ளையின் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. தாழிட்ட கதவுக்கு வெளியே வளர்ந்தவர் வேறென்ன செய்ய முடியும்?

அறிவை அந்த முதலாளி செய்தியைப் போல் நினைத்து விட்டார். செய்தியைச் சொன்னால் அதன் விலை போய்விடும், ஆகவே பூட்டினார். நம்மில் பலர் செய்வதும் இதுவே. பூட்டி வைக்க வேண்டிய பற்றுக் கணக்கைத் தேநீர்க்கடையில் அவிழ்க்கிறோம். நிறுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய செய்தியை நாற்பது பேருக்கு இறைக்கிறோம். சொல்லியாக வேண்டிய குறையைச் சாக்கின் அடியில் வைக்கிறோம். கொடுத்தால் மட்டுமே உயிரோடிருக்கும் கைப்பக்குவத்தைத் தாழிடுகிறோம். பிறகு, ‘பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்று சங்கக் கூட்டத்தில் வருந்துகிறோம்.

முன்னெல்லாம் ஊரிலிருந்து பையன்கள் வருவார்கள். கடையிலேயே சாப்பாடு, கடை மாடியிலேயே படுக்கை. முதல் வருஷம் கூட்டுவதும் கட்டுவதும்தான். யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை, திட்டுதான் பாடம். அந்த முறையில் அநியாயங்களும் இருந்தன. அதை மீண்டும் கொண்டு வர வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் பத்து வருஷம் ஒரே தராசின் பக்கத்தில் நின்றவனுக்கு, முதலாளி எந்தச் சாக்கைக் கண்டு முகம் சுளித்தார், எந்த வாடிக்கைக்காரரிடம் விலையை விட்டுக் கொடுத்தார் என்பதெல்லாம் சொல்லாமலே ஏறியது. இன்று வேலைக்கு வருகிறவருக்குப் பெர்மிட் முடியும் தேதி முதல் நாளே தெரியும். நம் சொந்தப் பிள்ளை அலுவலகத்தில் இருக்கிறார். கடைக்கு வந்தால் திரையைப் பார்த்து ஒரு நொடியில் இருப்பைச் சொல்லி விடுகிறார். அந்தச் சாமர்த்தியத்தைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. நமக்கு அது வராது. ஆனால் இருப்பு எவ்வளவு என்பதைச் சொல்லத் தெரிந்தவரும், இருப்பதில் எதை முதலில் தள்ள வேண்டும் என்று தெரிந்தவரும் ஒருவராக இருக்க வேண்டாமா?

இங்கே ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். “தம்பி தம்பி என்று எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தால், நாளைக்கு அவன் எதிர்வரிசையில் கடை திறப்பான்.” திறப்பான்தான். திறக்கமாட்டான் என்று நாம் ஆறுதல் சொல்ல வரவில்லை. நம்மில் எத்தனை பேருடைய கடைகள் அப்படித் திறந்தவை என்பதையும் இந்த நேரத்தில் எண்ணிக் கொள்ளலாம். அவன் திறந்தால் நமது வியாபாரத்தில் ஒரு பங்கு குறையலாம். நமது அறிவில் ஒரு குன்றிமணியும் குறையாது. குறைவது எது, குறையாதது எது என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கும் கிடைக்கிறது. யாரிடம் எந்த விலைக்குக் கொள்முதல் செய்கிறோம், எந்த வாடிக்கைக்காரர் எவ்வளவு பாக்கி என்பவை கடையின் செய்திகள். அவற்றை வெளியே கொண்டு போக அவனுக்கு உரிமையில்லை. முதல் நாளே அதை வெளிப்படையாகச் சொல்லி விடலாம். ஆனால் பட்டையை நொறுக்கிப் பார்க்கவும், மிளகைத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கவும், வறுபடும் மல்லியின் வாசனையை அறியவும் அவன் கற்றது அவன் உழைத்த உழைப்பில் சேர்ந்தது. அதை அவனிடமிருந்து நாம் காத்துக் கொள்வது கூலியைப் பிடித்து வைப்பது போன்றது.

கணக்கு எழுதும் வித்தையில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கமாக எழுதி இரண்டையும் சரிக்கட்டும் வெனிஸ் நகரத்து வியாபாரிகளின் முறையை, லூக்கா பாச்சோலி என்ற பாதிரியார் 1494ல் அந்நகரிலேயே அச்சிட்டுப் புத்தகமாக வெளியிட்டார். உலகம் முழுவதும் அதைக் கற்றுக் கொண்டது, நாமும்தான். வெனிஸ்காரர்களின் மிளகு வியாபாரத்துக்குப் போட்டியாக வந்தது அந்தப் புத்தகமல்ல. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த கடல் வழி.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், பழைய வியாபாரிகள் இருவரும் இளைஞர்கள் பத்துப் பேரும் சங்க மண்டபத்தில் கூடட்டும். பிரசங்கம் வேண்டாம், மேஜை மேல் சரக்கு இருக்கட்டும். முதல் மாதம் மிளகாயும் பட்டையும். அடுத்த மாதம் நாணயமாற்றுக்காரர் ஒருவர் வந்து நல்ல நோட்டையும் கெட்ட நோட்டையும் விரலால் பிரித்துக் காட்டட்டும். இதை ஓர் இளைஞரிடம் சொன்னபோது, “அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பி விடலாமே, வரவேண்டிய அவசியமே இல்லையே” என்றார். எடுக்கட்டும், அனுப்பட்டும், வர இயலாதவருக்கு அது உதவும். வருகிறவர் மட்டும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக் கொண்டு வரவேண்டும். சாக்கும் முறமும் நமது கடையிலிருந்து வரும்.